போகலாம், பணம் செலவழிக்கக் கூடாது

1961 அக்டோபரில் மயாமியில் வந்து இறங்கிய வில்லியம் வொர்த்தியிடம் பாஸ்போர்ட் இல்லை. பிறப்புச் சான்றிதழைத்தான் எடுத்துக் காட்டினார். பால்டிமோரிலிருந்து வெளிவந்த ‘ஆஃப்ரோ-அமெரிக்கன்’ பத்திரிகையின் நிருபர் அவர். முன்பு அரசின் தடையை மீறிச் சீனாவுக்குப் போய்ச் செய்தி அனுப்பியவர். அதற்காகவே அவருடைய பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க மறுத்திருந்தது அமெரிக்க வெளியுறவுத் துறை. அது இல்லாமலே கியூபா போனார், பார்த்தார், எழுதினார், ஊர் திரும்பினார்.

பிறகு வழக்கு வந்தது. கியூபா போனதற்காக அல்ல, செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இல்லாமல் தன் சொந்த நாட்டுக்குள் நுழைந்ததற்காக! கீழ்க்கோர்ட் மூன்று மாதச் சிறை விதித்தது. 1964இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. குடிமகன் தன் வீட்டுக்குத் திரும்புவதைக் குற்றமாக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

ஃப்ளோரிடாவின் கீ வெஸ்ட் முனையிலிருந்து கியூபா ஏறக்குறைய 90 மைல். 1961 ஜனவரியில் தூதரக உறவு முறிந்த கையோடு, தனி அனுமதி பெறாத அமெரிக்க பாஸ்போர்ட் கியூபாவுக்குச் செல்லாது என்று அறிவித்தார்கள். கனெக்டிகட் மாநிலத்தவரான லூயிஸ் ஸெமல் அந்த அனுமதியைக் கேட்டார். அங்கே என்ன நடக்கிறது என்று நேரில் பார்த்து, விவரம் தெரிந்த குடிமகனாக இருக்க விரும்புவதாகச் சொன்னார். இதைவிட நியாயமான காரணம் ஒரு பயணத்துக்கு இருக்க முடியுமா? உச்ச நீதிமன்றம் 1965இல் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

இரண்டே ஆண்டுகளில் அதே நீதிமன்றத்திலிருந்து இன்னொரு தீர்ப்பு. 1963இல் கூட்டமாகக் கியூபா போய்வந்த இளைஞர்கள் மீதான வழக்கு அது. தனி அனுமதியில்லாத பாஸ்போர்ட்டோடு அங்கே போய்வருவது தண்டிக்கத்தக்க குற்றம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை எனச் சொல்லிவிட்டது.

அப்படியானால் தடை உடைந்துவிட்டதா? இல்லை. அது வேறு துறைக்கு மாறிக்கொண்டது. முதல் உலகப் போருக்காக 1917இல் எழுதிய ‘எதிரியோடான வணிகச் சட்டம்’ இருக்கிறதே, அதன் கீழ் 1963 ஜூலையிலேயே நிதித்துறை விதிகளை வகுத்திருந்தது. கியூபாவில் அமெரிக்கர் எவரும் பணம் செலவழிக்கக் கூடாது. அறை வாடகை, சாப்பாடு, டாக்ஸி எல்லாம் இதில் அடக்கம். செலவே செய்யாமல் ஓர் ஊரைப் பார்த்துவிட்டு வர யாரால் முடியும்? 1977இல் ஜிம்மி கார்ட்டர் இந்தப் பிடியைத் தளர்த்தினார். 1982இல் ரொனால்டு ரீகன் மறுபடி இறுக்கினார். அதுவும் உச்ச நீதிமன்றம் போயிற்று. 1984இல் ஐந்துக்கு நான்கு, அரசு வென்றது.

போகிறவர்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். கான்கூன், டொராண்டோ, நஸாவ் ஆகிய மூன்றும் பழகிய வழிகள். ஹவானா விமான நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் அதிகாரி பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்ப்பார். முத்திரையை அதில் குத்தாமல், சுற்றுலா அட்டை என்ற தனிச் சீட்டில் குத்துவார். திரும்பும்போது அந்தச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். பாஸ்போர்ட்டில் கியூபாவின் சுவடே இருக்காது. ஆனாலும் மாட்டிக்கொண்டவர்களின் வீட்டுக்கு நிதித்துறையிலிருந்து ஆயிரக்கணக்கான டாலர் அபராதம் கேட்டுக் கடிதம் வந்தது.

ஒளிந்து போக மறுத்தவர்களும் உண்டு. பாப்டிஸ்ட் போதகர் லூசியஸ் வாக்கரின் தலைமையில் ‘அமைதிக்கான போதகர்கள்’ அமைப்பு 1992 முதல் மருந்தும் உதவிப் பொருளும் ஏற்றிக்கொண்டு வண்டி வண்டியாகக் கிளம்பியது. அனுமதி கேட்டு விண்ணப்பிப்பதில்லை என்பது அவர்கள் கொள்கை. அண்டை வீட்டாருக்கு உதவ அரசின் உரிமம் எதற்கு என்றார்கள். 1993இல் டெக்சஸின் லரேடோ எல்லையில் மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்து ஒன்றைச் சுங்க அதிகாரிகள் பிடித்துவைத்தார்கள். உள்ளே இருந்தவர்கள் இறங்க மறுத்தார்கள். டெக்சஸ் கோடை வெயிலில் அந்தத் தகரக் கூண்டுக்குள் 23 நாள் உண்ணாவிரதம். கடைசியில் பேருந்தை விட்டார்கள். அது கியூபா போய்ச் சேர்ந்தது.

கித்தார் கலைஞர் ரை கூடர் 1996இல் ஹவானா போய், உலகம் மறந்துவிட்டிருந்த முதிய இசைக் கலைஞர்களோடு ‘புயெனா விஸ்டா சோஷியல் கிளப்’ இசைத்தட்டைப் பதிவு செய்தார். அதற்குக் கிராமி விருது கிடைத்தது. நிதித்துறையோ 25,000 டாலர் அபராதம் போட்டது.

இவர்கள் எல்லாம் கொள்கைக்காகவோ கலைக்காகவோ போனவர்கள். பெற்ற பிள்ளையைப் பார்க்கப் போகிறவர் கதை வேறு. ஜார்ஜ் புஷ் அரசு 2004 ஜூன் 30 முதல் கொண்டுவந்த விதிப்படி, கியூபாவிலிருந்து வந்து குடியேறியவர்கள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, 14 நாள்தான் ஊருக்குப் போகலாம். பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி போன்றோர் மட்டுமே சொந்தம். சித்தியும் மாமாவும் அவர்கள் பிள்ளைகளும் கணக்கில் இல்லை.

கார்லோஸ் லாசோ தெப்பத்தில் கடல் தாண்டி அமெரிக்கா வந்த கியூபர். தேசியக் காவல் படையில் மருத்துவ உதவியாளராகச் சேர்ந்து இராக் போர்முனைக்குப் போனார். 2004 ஜூனில் விடுமுறை கிடைத்ததும் ஹவானாவில் இருந்த இரண்டு மகன்களைப் பார்க்க மயாமிக்கு ஓடி வந்தார். விதி நடப்புக்கு வருமுன்பே விமானத்தில் ஏற விடவில்லை. முந்தைய ஆண்டுதான் போய்வந்திருந்ததால் இனி 2006 வரை காத்திருக்க வேண்டும். பிள்ளைகளைப் பார்க்காமலே போர்க்களம் திரும்பினார். ஒரு நாட்டுக்காக உயிரைப் பணயம் வைக்கலாம், அந்த நாடு 90 மைல் தள்ளியிருக்கும் மகன்களிடம் போகவிடாது என்றால், அது எந்த வெளியுறவுக் கொள்கையாலும் நியாயப்படுத்த முடியாத கொடுமை. குடும்பப் பயணக் கட்டுப்பாட்டை 2009இல் பராக் ஒபாமா நீக்கினார்.

மறுகரையின் கதவையும் சொல்லியாக வேண்டும். கியூபக் குடிமக்கள் வெளிநாடு போக ‘வெள்ளை அட்டை’ என்ற அனுமதியைத் தங்கள் அரசிடம் வாங்க வேண்டியிருந்தது. 2013 ஜனவரி வரை இதுதான் நிலைமை.

2016 ஆகஸ்ட் 31 அன்று ஃபோர்ட் லாடர்டேலிலிருந்து கியூபாவின் சாந்தா கிளாராவுக்கு ஜெட்ப்ளூ விமானம் போனது. அரை நூற்றாண்டுக்குப் பின் முதல் வழக்கமான பயணிகள் சேவை. 2019 ஜூனில் டொனால்டு டிரம்ப் அரசு சொகுசுக் கப்பல்களை நிறுத்தியது. இன்றும் போக விரும்பும் அமெரிக்கர் 12 வகைக் காரணங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குடும்பம், இதழியல், மதம், கியூப மக்களுக்கு ஆதரவு என்று நீளும் அந்தப் பட்டியலில் சுற்றுலா கிடையாது.

இப்போது கியூபாவின் மீதான கட்டுப்பாடு பிற நாட்டாரையும் தொடுகிறது. பயங்கரவாதத்துக்குத் துணைபோகும் நாடு என்று 2021 ஜனவரியில் கியூபாவை அமெரிக்கா மறுபடி பட்டியலில் சேர்த்தது. அன்றிலிருந்து, கியூபாவில் விடுமுறையைக் கழித்த ஸ்பெயின்காரரோ பிரெஞ்சுக்காரரோ விசா இல்லாமல் அமெரிக்கா போகும் சலுகையை இழக்கிறார். நியூயார்க் போக வேண்டுமானால் தூதரகத்தில் நேர்காணலுக்கு நாள் குறித்துக் காத்திருக்க வேண்டும்.

(தொடரும்)