பிபி மாத்திரையை மாற்றினால் நாடித்துடிப்பு ஏன் மாறுகிறது?

“பிபி நார்மலாகத்தான் இருக்கிறது டாக்டர். ஆனால், மாத்திரையை மாற்றியதிலிருந்து நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது.” ரத்த அழுத்த நோயாளிகள் பலர் இப்படிச் சொல்வதுண்டு. இதற்குக் காரணம் பெரும்பாலும் எந்த மாத்திரையிலிருந்து எந்த மாத்திரைக்கு மாறினோம் என்பதில்தான் இருக்கிறது.

பிபி மாத்திரைகள் எல்லாம் ஒரே வழியில் வேலை செய்வதில்லை. அட்டெனலால், மெட்டோபிரலால் போன்ற ‘பீட்டா பிளாக்கர்’கள், அட்ரினலின் இதயத்தைத் தூண்டுவதைத் தடுக்கின்றன. அதனால் அழுத்தத்தோடு துடிப்பும் குறைகிறது. அம்லோடிபின் ரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது. டெல்மிசார்டான், லோசார்டான், எனலாப்ரில் போன்றவை துடிப்பைப் பொதுவாக அதிகம் மாற்றுவதில்லை.

அட்டெனலாலை நிறுத்திவிட்டு அம்லோடிபின் தொடங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பீட்டா பிளாக்கரை நீண்ட நாள் சாப்பிடும்போது, இதயத்தில் அட்ரினலினை ஏற்கும் ‘ரிசெப்டார்’கள் பெருகுகின்றன. மருந்தைத் திடீரென நிறுத்தினால் வழக்கமான அளவு அட்ரினலினே இதயத்தைக் கூடுதலாக விரட்டும். இன்னொரு பக்கம், அம்லோடிபினால் குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்குவதைக் கழுத்துத் தமனியில் உள்ள உணர்விகள் மூளைக்குச் சொல்கின்றன. அதை ஈடுகட்ட மூளை இதயத்தை முடுக்குகிறது. அம்லோடிபின் மெதுவாக வேலை செய்வதால் இந்த இரண்டாவது விளைவு பலருக்கும் லேசாகவே இருக்கும்.

முதல் விளைவு அப்படியல்ல. இதய ரத்தக் குழாயில் அடைப்பு உள்ளவர்கள் பீட்டா பிளாக்கரைச் சட்டென்று விட்டால் நெஞ்சுவலி, மாரடைப்புவரை போகலாம். அதனால்தான் மருத்துவர்கள் ஓரிரு வாரங்களில் அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துகிறார்கள். குளோனிடின் என்ற பிபி மாத்திரையைத் திடீரென விட்டாலும் அழுத்தமும் துடிப்பும் எகிறும்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கலாம். டில்டியசெம், வெரபமில் ஆகியவை துடிப்பைக் குறைப்பவை. பீட்டா பிளாக்கரோடு இவையும் சேர்ந்துவிட்டால் துடிப்பு ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். இரண்டு மருத்துவர்களிடம் காட்டுபவர்கள் இதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற சிறுநீர் பெருக்கி மாத்திரைகள் பொட்டாசியத்தைக் குறைத்தால் துடிப்பின் ஒழுங்கு தவறலாம். பொட்டாசியக் குறைவு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

மாத்திரை மாறிய முதல் சில வாரங்களுக்கு நாடியை எண்ணிக் குறித்து வையுங்கள். ஐந்து நிமிடம் அமைதியாக உட்காருங்கள். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக இரண்டு விரல்களை வைத்து, ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். டிஜிட்டல் பிபி கருவியில் அழுத்தத்துக்குக் கீழே ‘பல்ஸ்’ என்று வரும் எண்ணும் இதுதான். பெரியவர்களுக்கு ஓய்வில் 60 முதல் 100 வரை இயல்பு. 70-இல் இருந்தது 80 ஆனால் பயப்பட வேண்டியதில்லை. ஓய்விலும் தொடர்ந்து 100-ஐத் தாண்டினாலோ, 50-க்குக் கீழே இறங்கினாலோ, துடிப்பு தாறுமாறாக இருந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் வந்தால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

படபடப்புக்குக் காய்ச்சல், ரத்தசோகை, தைராய்டு கோளாறும் காரணமாகலாம். ஆகவே, புதிய மாத்திரைதான் காரணம் என்று நீங்களே முடிவு செய்து அதை நிறுத்தாதீர்கள்; பழைய மாத்திரைக்குத் திரும்பவும் வேண்டாம். பழைய அட்டை, புதிய அட்டை, குறித்து வைத்த எண்கள் மூன்றையும் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். அளவை மாற்றுவதா, மருந்தையே மாற்றுவதா என்று அவர் சரியாக முடிவெடுக்க அவை உதவும்.