அப்பாவை டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்க... சிகிச்சை முடிஞ்சிடுச்சா?

நீங்க பெங்களூருலயோ புனேலயோ வேலை பார்க்கிறீங்கன்னு வெச்சுக்குவோம். அப்பாவுக்குத் திடீர்னு பக்கவாதம். ராத்திரியோட ராத்திரியா ஊருக்கு ஓடி வர்றீங்க. பத்து நாள் ஆஸ்பத்திரி வாசம். "உயிருக்கு ஆபத்து இல்லை, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்" என்கிறார் டாக்டர். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஏழெட்டு மாத்திரைகளின் பெயர்கள். கடைசி வரியில் 'பிசியோதெரபி' என்று ஒரே ஒரு சொல்.

அப்பா மறுபடி நடப்பாரா, பேசுவாரா, சட்டை பட்டனைத் தானே போட்டுக்குவாரா என்பதெல்லாம் பெரும்பாலும் அந்தக் கடைசி வரியை நீங்கள் எப்படி எடுத்துக்கொள்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

ரிஹாப்னா பிசியோ மட்டும்தானா?

இல்லை. 'ரிஹாபிலிடேஷன்', அதாவது மறுவாழ்வு சிகிச்சை, ஒரு டீம் வேலை. பிசியோதெரபிஸ்ட் உட்கார, நிற்க, நடக்கப் பழக்குவார். குளிப்பது, சாப்பிடுவது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளுக்கு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். பேச்சுக்கும் விழுங்குவதற்கும் ஸ்பீச் தெரபிஸ்ட். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருவதால் மனநல ஆலோசகரும் வேண்டும். இவர்களை ஒருங்கிணைப்பவர் 'பிசிக்கல் மெடிசின் அண்ட் ரிஹாபிலிடேஷன்' படித்த டாக்டர். சுருக்கமாக பி.எம்.ஆர். டாக்டர்.

ஏன் முதல் மூணு மாசம் முக்கியம்?

பக்கவாதத்தில் செத்துப்போன மூளை செல்கள் திரும்பி வராது. ஆனால் பக்கத்தில் இருக்கும் செல்கள் புது இணைப்புகளை உருவாக்கி, விட்டுப்போன வேலையைக் கற்றுக்கொள்ளும். திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சிதான் அதற்குப் பாடம். இந்தக் கற்றல் முதல் மூன்று மாதங்களில் வேகமாக நடக்கும், பிறகு மெல்ல மெல்லக் குறையும். ஆறு மாதம் ஆயிடுச்சு, இனி ஒண்ணும் ஆகாதுன்னு அர்த்தம் இல்லை. அதே முன்னேற்றத்துக்கு இன்னும் அதிகம் உழைக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

அதுக்காக முதல் நாளே எழுப்பி நடக்க வைக்கணும்னு இல்லை. 24 மணி நேரத்துக்குள் தீவிரமாகப் பயிற்சி கொடுத்தால் பலன் கூடவில்லை, சற்றுக் குறைந்தது என்று 2015-ல் வெளியான 'அவர்ட்' ஆய்வு காட்டியது. எப்போது, எவ்வளவு என்பதை டாக்டர் குழுவே முடிவு செய்யட்டும்.

"நாமளே வீட்ல பார்த்துக்கலாமே?"

இந்தக் கேள்வியை இந்தியாவிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 'அட்டெண்ட்' என்ற அந்த ஆய்வு 2017-ல் லான்செட் இதழில் வெளியானது. 14 மருத்துவமனைகள், 1,250 நோயாளிகள். ஒரு பாதியினரின் குடும்பத்தினருக்குக் கூடுதலாகப் பயிற்சி தந்து, வீட்டில் ரிஹாப் செய்ய வைத்தார்கள். மறுபாதியினருக்கு வழக்கமான கவனிப்பு. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், இறந்தவர்களும் பிறரைச் சார்ந்து வாழ்பவர்களும் இரு பக்கமும் 47 சதவீதம்தான்.

குடும்பம் தேவையில்லை என்று இதற்குப் பொருளல்ல. அன்பும் அக்கறையும் இருந்தாலும், பயிற்சி பெற்ற தெரபிஸ்ட் செய்யும் வேலையை முழுசா நம்ம தலையில் போட்டுக்கொள்ள முடியாது. உங்கள் பங்கு வேறு. செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீங்க, தோள் மூட்டு விலகிடும். படுக்க வைத்தபடி ஊட்டாதீங்க, உணவு நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம். அவரால் செய்ய முடிந்ததை, பத்து நிமிஷம் ஆனாலும், அவரையே செய்ய விடுங்க.

இன்சூரன்ஸ் தருமா?

இங்கேதான் பலருக்கு அதிர்ச்சி. மருத்துவக் காப்பீட்டின் ஸ்டாண்டர்ட் விலக்குகளில் 'ரெஸ்ட் க்யூர், ரிஹாபிலிடேஷன், ரெஸ்பைட் கேர்' என்று ஒரு தலைப்பே உண்டு. சிகிச்சைக்காக அல்லாமல், ஓய்வுக்கும் பராமரிப்புக்கும் மட்டுமே அட்மிட் ஆனால் பணம் கிடைக்காது என்பது அதன் சாரம். அதனால் என்ன சிகிச்சை, எதற்காக என்று டாக்டரிடம் எழுத்தில் வாங்குங்க. டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவுக்கும் நாள் கணக்கு இருக்கு. உதாரணமாக, ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியில் 60 நாள். முக்கியமான காலமோ 90 நாள். மிச்சச் செலவுக்கு இப்பவே திட்டம் போடுங்க. உங்க ஆபீஸ் பாலிசியையும் இன்னைக்கே ஒரு தடவை படிச்சுப் பாருங்க.

எங்கே போகலாம்?

மும்பை ஹாஜி அலியில் 1955 முதல் இயங்கும் மத்திய அரசின் பிசிக்கல் மெடிசின் நிறுவனம், பெங்களூரு நிம்ஹான்ஸ், வேலூர் சி.எம்.சி. ஆகியவை தெரிந்த பெயர்கள். முதுகுத்தண்டு காயங்களுக்கு டெல்லியில் இந்தியன் ஸ்பைனல் இஞ்சுரீஸ் சென்டர் இருக்கிறது.

வேலூர் மறுவாழ்வு மையத்துக்குப் பின்னால் ஒரு நோயாளியே இருக்கிறார். 1954-ல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்விழந்த இளம் டாக்டர் மேரி வர்கீஸ். சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சை செய்தவர். 1966-ல் அங்கே மறுவாழ்வு மையம் உருவாகக் காரணமானவரும் அவரே.

அப்பா தமிழ்நாட்டில் இருந்தால், 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்க.

டிஸ்சார்ஜுக்கு முன்னாடி கேட்க வேண்டியவை

- பி.எம்.ஆர். டாக்டர் அப்பாவைப் பார்த்தாரா?
- விழுங்கும் திறனைச் சோதிச்சாச்சா?
- வாரத்துக்கு எத்தனை நாள், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் பயிற்சி?
- அடுத்த ஒரு மாதத்துக்கு இலக்கு என்ன?
- கட்டிலிலிருந்து நாற்காலிக்கு எப்படி மாற்றுவது? எங்க கண் முன்னாடி ஒரு தடவை செஞ்சு காட்டுவீங்களா?

இவற்றுக்குப் பதில் கிடைக்கும்வரை பில் கவுன்டருக்கு அவசரப்பட்டுப் போகாதீங்க.