லாரியோட்டிகளும் எட்டாம் வகுப்புப் பரீட்சையும்

நாமக்கல் லாரிக்குப் பேர்போன ஊர். இளமையிலே பள்ளியை விட்டுக் கிளீனராய்ப் போனவர், பின்னர்த் தாமே லாரி ஓட்ட விரும்பினால், எட்டாம் வகுப்புத் தேர்ச்சி இல்லையே என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 8-ஆம் விதி தடுத்து நின்றது. அவர்க்குத் திறந்திருந்த வாயில், அரசுத் தேர்வுகள் இயக்ககம் தனித்தேர்வர்க்கென நடத்தும் எட்டாம் வகுப்புப் பரீட்சையே. பன்னிரண்டரை வயது நிரம்பியோர் அதனை எழுதலாம். நாற்பது வயதினர்க்கும் தடையில்லை.

2019-ஆம் ஆண்டில் அவ்விதி நீக்கப்பட்டது. வண்டியோட்டும் திறமைக்கு ஏட்டுக்கல்வி அளவுகோலாகுமோ என்பது நியாயமான கேள்விதான். ஆயினும் பரீட்சையின் பயன் அதனோடு ஒழியவில்லை. பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராய் எழுத இத்தேர்ச்சி வேண்டும். மாதத்திற் பாதியைச் சாலையிலே கழிப்போர்க்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் முறை இன்னும் இணக்கமானது: பத்தாம் வகுப்பை ஐந்தாண்டிற்குள் ஒன்பது தடவையாக, பாடம் பாடமாய் எழுதலாம், தேறிய பாடத்தை மீண்டும் எழுத வேண்டுவதில்லை.