மூச்சின் முடிவில் நிற்கும் அழுத்தம்

குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் காத்திருக்கும் பெற்றோர் பலர், வென்டிலேட்டர் திரையில் தெரியும் எண்களை மனப்பாடமாகவே அறிவர். "நேற்று 8 என்றிருந்த பீப் இன்று 12 ஆகிவிட்டதே, நோய் முற்றிவிட்டதா?" என்பது அவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி.

நுரையீரலில் கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகள் உள்ளன. கடுமையான நிமோனியா, டெங்கு, மண்ணெண்ணெயைத் தவறுதலாகக் குடித்தல், குற்றாலச் சாரல் காலத்தில் நேரும் நீரில் மூழ்கும் விபத்துகள் ஆகியவற்றால் இவ்வறைகளில் நீர் கசிந்து, அவை சுருங்கி மூடிக்கொள்ளக்கூடும். முற்றிலும் காற்றிழந்த பலூனை ஊதுவது கடினம். சற்றே காற்று எஞ்சியுள்ள பலூனை ஊதுவது எளிது. மூச்சு வெளியேறிய பின்பும் அறைகள் மூடிவிடாதபடி கருவி தாங்கிப் பிடிக்கும் அழுத்தமே 'பீப்'. 1967ஆம் ஆண்டு அமெரிக்காவின் டென்வர் நகர மருத்துவர்கள் 12 நோயாளிகளிடம் கண்ட இத்தகைய நுரையீரல் பாதிப்பை விவரித்தபோதே, இவ்வழுத்தத்தின் பயனையும் பதிவு செய்தனர்.

அழுத்தம் குறைந்தால் அறைகள் ஒவ்வொரு மூச்சிலும் மூடித் திறந்து புண்படும். மிகுந்தால் நல்ல அறைகள் அளவுக்கு மீறி விரியும். இதயத்திற்குத் திரும்பும் இரத்தம் குறைந்து இரத்த அழுத்தம் தாழும். ஆகவே சிறிது சிறிதாகவே மாற்றி, ஒவ்வொரு படியிலும் விளைவைக் கவனிக்கிறோம். மூச்சு நிறைந்து நிற்கும் கணத்தில் அழுத்தம் பொதுவாக 28 செ.மீ. நீர் அளவைத் தாண்டலாகாது என்பது குழந்தைகளுக்கான பன்னாட்டு வழிகாட்டுதல்.

எனவே, பீப் எண்ணைத் தனியே பார்த்து முடிவு செய்ய வேண்டாம். பீப் 8இலிருந்து 12 ஆகி, தேவைப்படும் ஆக்சிஜன் 80 விழுக்காட்டிலிருந்து 50ஆகக் குறைந்திருந்தால், மூடிய அறைகள் திறந்துள்ளன என்றே பெரும்பாலும் பொருள். இரண்டும் சேர்ந்து உயர்ந்தால் நிலைமை கவலைக்குரியது. அதனை உங்களிடம் வெளிப்படையாகக் கூறுவது எங்கள் கடமை. பாதிப்பு மிகக் கடுமையாக உள்ளபோது, இரத்த ஆக்சிஜன் அளவு 92க்குச் சற்றுக் கீழே இருப்பதை நாங்கள் ஏற்பதும் உண்டு. மிகுதியான ஆக்சிஜனும் நுரையீரலைப் புண்படுத்தும் என்பதே காரணம்.

வென்டிலேட்டர் நுரையீரலைக் குணப்படுத்துவதில்லை. அது ஆறுவதற்கான காலத்தைப் பெற்றுத் தருகிறது. அக்காலத்தில் குழந்தையின் கையைப் பற்றுங்கள், பேசுங்கள். குழாய்களை மட்டும் அசைக்காதீர்கள். இணைப்பு ஒரு கணம் கழன்றாலும் திறந்த அறைகள் மீண்டும் மூடிவிடலாம்.

அருவியிலோ குளத்திலோ மூழ்கி மீட்கப்பட்ட குழந்தை நன்றாகப் பேசினாலும், தொடர் இருமலோ மூச்சிரைப்போ தோன்றினால் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம். 108ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள்.