விளக்கைவிடக் குடை பெரிது

வீட்டிலிருந்தே சேலை விற்பவர்கள், கவரிங் நகை செய்பவர்கள், பொடியும் ஊறுகாயும் பாட்டிலில் அடைத்து அனுப்புபவர்கள், பிள்ளைகளை நன்றாகப் படமெடுக்க ஆசைப்படும் பெற்றோர்கள் என்று பலருக்கும் ஒரு கட்டத்தில் ஸ்டுடியோ விளக்கு வாங்கும் யோசனை வருகிறது. குறைந்த விலை ஸ்ட்ரோப் விளக்குகள் இன்று எளிதில் கிடைக்கின்றன. வாங்கப் போகிறவரின் கண் முதலில் விழுவது பெட்டியின் மேலிருக்கும் எண்ணில்: 200, 300, 400, 600. எண் பெரிதானால் படமும் நன்றாக வரும் என்று நினைத்து, கையிலிருக்கும் பணத்துக்குக் கிடைக்கிற பெரிய எண்ணை வாங்கிவிடுகிறோம். விளக்குக்கே பணம் தீர்ந்துவிடுவதால், வெளிச்சத்தைப் பரப்பும் குடைக்கும் ஸ்டாண்டுக்கும் மிச்சம் இருப்பதில்லை. யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுகிற கதைதான். வீட்டுக்குள் படம் எடுப்பவர் அந்த எண்ணைக் கடைசியாகப் பார்த்தால் போதும். வெளிச்சம் எவ்வளவு அகலமான பரப்பிலிருந்து புறப்படுகிறது, அறையில் எங்கெல்லாம் பட்டுத் திரும்புகிறது என்ற இரண்டும்தான் படத்தைத் தீர்மானிக்கின்றன.

முதலில் அந்த எண் எதைக் குறிக்கிறது என்று பார்ப்போம். 300 என்றால் 300 வாட் அல்ல, 300 வாட்-செகண்ட். இயற்பியல் பாடத்தில் படித்த ஜூல் என்ற அலகின் மறுபெயர். ஸ்ட்ரோப்புக்குள் இருக்கும் மின்தேக்கி ஓரிரு நொடிகளில் மின்சாரத்தைச் சேர்த்து வைத்து, பட்டனை அழுத்தியதும் செனான் வாயு நிரம்பிய கண்ணாடிக் குழாய் வழியாக மொத்தத்தையும் கொட்டுகிறது. சொட்டுச் சொட்டாக நிறைந்த குடத்தை ஒரே வீச்சில் கவிழ்ப்பது போல. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஹெரால்ட் எட்ஜர்டன் 1930களில் வளர்த்தெடுத்த நுட்பம் இது. பால் துளி தெறித்துக் கிரீடம் போல நிற்கும் அவருடைய புகழ்பெற்ற படம் 1957ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 வாட் எல்.இ.டி. விளக்கு எரியும்போது, 1/125 நொடி ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் அது செலவிடும் ஆற்றல் அரை ஜூல்கூட இல்லை. ஸ்ட்ரோப் அதே நேரத்துக்குள் 300 ஜூலையும் கொட்டிவிடுகிறது. எல்.இ.டி. மின்சாரத்தை வெளிச்சமாக்குவதில் செனான் குழாயைவிட மூன்று மடங்கு கெட்டிக்கார விளக்கு என்று வைத்துக்கொண்டாலும், இருநூறு மடங்கு வித்தியாசம் மிஞ்சுகிறது.

இந்த வித்தியாசத்தால் கிடைக்கும் பெரிய லாபம், அறையில் இருக்கும் மற்ற வெளிச்சங்களை அழித்துவிட முடிவதுதான். நம் வீட்டுக் கூடத்தில் ஜன்னல் வழியே ஒரு நிறம், டியூப்லைட்டிலிருந்து ஒரு நிறம், அலங்கார பல்பிலிருந்து ஒரு மஞ்சள் என்று மூன்று வெளிச்சங்கள் கலந்து கிடக்கும். அரக்குச் சேலை படத்தில் செங்கல் நிறமாகத் தெரிவதற்கு இந்தக் கலப்படம் ஒரு முக்கியக் காரணம். ஐ.எஸ்.ஓ. 100, துளை எஃப் 8, ஷட்டர் 1/125 என்று கேமராவை வைத்து, ஸ்ட்ரோப்பை அணைத்துவிட்டு இரவில் ஒரு படம் எடுத்தால், டியூப்லைட் எரியும் கூடம்கூட ஏறத்தாழக் கறுப்பாகவே பதிவாகும். அதன்பின் ஸ்ட்ரோப்பைப் போட்டு எடுக்கும் படத்தில் இருப்பதெல்லாம் நீங்கள் வைத்த வெளிச்சம் மட்டுமே. அந்த வெளிச்சம் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தைவிடச் சுருக்கமாக மின்னி முடிந்துவிடுவதால், ஷட்டர் வேகத்தை மாற்றினாலும் அதன் அளவு மாறாது. துளை, ஐ.எஸ்.ஓ., விளக்கின் தூரம், விளக்கின் பவர் ஆகிய நான்கும்தான் அதை ஆளும். ஒரு எச்சரிக்கை மட்டும்: பெரும்பாலான கேமராக்களில் ஷட்டர் 1/200 அல்லது 1/250ஐத் தாண்டினால் படத்தின் ஒரு பக்கம் கறுப்புப் பட்டை விழும்.

சரி, எவ்வளவு பவர் தேவை? பல 300 வாட்-செகண்ட் விளக்குகளின் விவரக் குறிப்பில் கைடு நம்பர் 58 என்று இருக்கும். அதை மீட்டரில் உள்ள தூரத்தால் வகுத்தால், முழுப் பவரில் வைக்க வேண்டிய துளை எண் கிடைக்கும். குடையில் பட்டு வரும்போது இரண்டு ஸ்டாப், அதாவது நான்கில் மூன்று பங்கு வெளிச்சம் போய்விடுகிறது என்று கொள்வோம். 58 என்பது 29 ஆகிவிடும். ஆளிலிருந்து ஒன்றரை மீட்டரில் குடை நின்றால் துளை எஃப் 19க்கு அருகில் வரும். வீட்டுப் படங்களுக்கு எஃப் 8 தாராளம். அதற்கு இந்த விளக்கின் பவரில் ஆறில் ஒரு பங்கு போதும். 600 வாங்கியவர் பன்னிரண்டில் ஒரு பங்கைப் பயன்படுத்துவார். பிரச்சினை வேறு திசையிலிருந்து வருகிறது. மலிவு விளக்குகள் சிலவற்றை 1/16 அல்லது 1/32க்குக் கீழே குறைக்க முடியாது. 300ஐ 1/16க்கு இறக்கினாலும் நம் கணக்கில் எஃப் 4.8தான் வரும். பின்னணி மங்கலாகக் கரைந்து நிற்க எஃப் 2.8இல் எடுக்க விரும்பினால் படம் வெளுத்துப் போகும். ஆகவே விளக்கு எவ்வளவு ஏறும் என்பதைவிட எவ்வளவு இறங்கும் என்றே கடைக்காரரிடம் கேட்க வேண்டும். கேமரா மேல் மாட்டும் சாதாரண ஃப்ளாஷ்கூட, ஏறத்தாழ 60 முதல் 75 வாட்-செகண்ட் கொண்டது, இந்த வேலையைச் செய்துவிடும். பவரைக் குறைக்கும்போது அதன் மின்னல் இன்னும் சுருங்குவதால், தெறிக்கும் தண்ணீரை உறைய வைக்கப் பல மலிவு ஸ்ட்ரோப்புகளைவிட அதுவே மேல்.

பவர் இவ்வளவு எளிதில் போதுமானதாகிவிடுகிறது என்றால், நல்ல படத்துக்கும் மோசமான படத்துக்கும் உள்ள வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? நண்பகல் வெயிலில் நிற்பவரின் கண்குழியில் கறுப்பு விழுகிறது. மூக்கின் நிழல் உதட்டில் கோடு போடுகிறது. மேகம் மூடியதும் அதே முகம் மென்மையாகிவிடுகிறது. சூரியன் மாறவில்லை. புள்ளியாக இருந்த வெளிச்சம் வானம் முழுக்கப் பரவியிருக்கிறது, அவ்வளவுதான். வெளிச்சம் வரும் பரப்பு, படமெடுக்கப்படும் பொருளிலிருந்து பார்க்க எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ அவ்வளவு மென்மையாக நிழல் விழும். வெறும் ஸ்ட்ரோப் ஒரு சிறு கிண்ணம் அளவே இருக்கும். ஒரு மீட்டர் அகலக் குடையை மாட்டி, முகத்திலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் வைத்தால் அதுவே சிறிய மேகம். அதே குடையை நான்கு மீட்டருக்குத் தள்ளினால் மறுபடி சிறிதாகி, நிழல் கூர்மையாகிவிடும். சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' (1956) படத்தில் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா செய்தது இதைத்தான். காசி வீட்டு முற்றத்தை ஸ்டுடியோவுக்குள் செட்டாக அமைத்தபோது, மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்குகளை அதில் பட்டுத் திரும்ப வைத்தார்; நேரடி நிழல் விழாத திறந்த முற்றத்தின் பகல் வெளிச்சம் செட்டுக்குள் கிடைத்தது. அந்த மென்மையைத் தந்தது துணி.

அடுத்தது அறை. பெரிய ஸ்டுடியோவில் வெளிச்சம் தொலைவில் போய் மறைந்துவிடும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் எல்லாச் சுவரும் பக்கத்திலேயே இருப்பதால், குடையிலிருந்து சிதறும் வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பி வரும். சுவர் வெள்ளையானால் அது இலவச உதவி. இளம்பச்சையோ ரோஸோ அடித்திருந்தால் அந்தச் சாயம் முகத்தில் ஏறும். அப்படிப்பட்ட சுவரை வெள்ளை வேட்டியால் மறைக்கலாம். திரும்பும் வெளிச்சமே வேண்டாம் என்றால் கறுப்புத் துணி. விளக்குக்கு எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையை நிறுத்தினால் அது இரண்டாவது விளக்கின் வேலையைச் செய்துவிடும். தூரமும் ஒரு கருவிதான். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால் பங்காகும். முகம் விளக்கிலிருந்து ஒரு மீட்டரிலும் பின்சுவர் மூன்று மீட்டரிலும் இருந்தால் சுவருக்குக் கிடைப்பது ஒன்பதில் ஒரு பங்கு. வெள்ளைச் சுவரே அடர் சாம்பல் திரையாகிவிடும். இந்த வித்தைகளில் எதற்கும் 600 வாட்-செகண்ட் தேவையில்லை.

ஜன்னல் வெளிச்சம் சும்மா கிடைக்கும்போது விளக்கே எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மாதத்துக்கு இரண்டு படம் எடுப்பவருக்கு வடக்குப் பார்த்த ஜன்னலும் தெர்மாகோலும் போதும். நாற்பது சேலைகளைக் காலை பத்து மணிக்குத் தொடங்கி மாலை வரை எடுப்பவருக்கு, முதல் சேலையின் வெளிச்சமும் கடைசிச் சேலையின் வெளிச்சமும் ஒன்றாக இராது. நடுவே மேகம் வேறு வந்து போகும். வேலை முடித்து வந்து இரவில் எடுப்பவருக்கோ ஜன்னலே இல்லை. அப்படிப்பட்டவருக்கு ஸ்ட்ரோப் தருவது மாறாத வெளிச்சம். போனில் எடுப்பவருக்கு மட்டும் இது உதவாது. பெரும்பாலான போன்கள் படத்தை வரிவரியாகப் பதிவதால் கணநேர மின்னலோடு ஒத்துப்போகாது. மேலே ஃப்ளாஷ் மாட்டும் இடம் உள்ள பழைய கேமரா ஒன்று கிடைத்தாலும் போதும்.

எல்.இ.டி.யின் பக்கத்திலும் வலுவான வாதம் உண்டு. நிழல் எங்கே விழுகிறது என்று கண்ணால் பார்த்தே வைக்கலாம், வீடியோவுக்கும் ஆகும். அசையாத பாட்டிலையும் நகையையும் ட்ரைபாடில் வைத்து அரை நொடி, ஒரு நொடி ஷட்டரில் எடுப்பவருக்கு எல்.இ.டி.யே போதும், ஸ்ட்ரோப் வாங்க வேண்டாம். ஆனால் ஓரிடத்தில் நிற்காத குழந்தையை எல்.இ.டி.யில் எடுக்க, துளையை அகலத் திறக்க வேண்டும் அல்லது ஐ.எஸ்.ஓ.வை ஏற்ற வேண்டும்; இல்லாவிட்டால் கண் கூசும் அளவுக்கு விளக்கை நெருக்க வேண்டும். அசைவது எதுவானாலும் அங்கே ஸ்ட்ரோப் தன் விலையை மீட்டுவிடும்.

மலிவு விளக்கு நம்பத்தக்கதா என்ற சந்தேகத்தை முழுவதும் தள்ளிவிட முடியாது. பவரை மாற்றும்போது நிறம் கொஞ்சம் நகரும். அடுத்த மின்னலுக்குத் தயாராக இரண்டு மூன்று நொடி ஆகலாம். ஒரே பவரில் வைத்து, சாம்பல் அட்டை ஒன்றைப் படமெடுத்து நிறத்தைச் சரிசெய்துகொண்டால் முதல் குறை தீரும். வீட்டு வேகத்துக்கு இரண்டாவது குறை பொருட்டல்ல. சமரசம் கூடாத இடம் பாதுகாப்பு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கியில் ஆளைக் கொல்லும் மின்னழுத்தம் தங்கியிருக்கும் என்பதால் விளக்கைத் திறந்து பார்க்கவே கூடாது. எர்த் உள்ள மூன்று முனை பிளக்கில்தான் மாட்ட வேண்டும். பழைய விளக்கை ஒயரால் கேமராவில் இணைத்தால் கேமரா கெடலாம். ஒயரில்லாமல் விளக்கை மின்ன வைக்கும் ரேடியோ ட்ரிக்கரே நல்லது. குழந்தைகள் ஓடும் வீட்டில் ஸ்டாண்டின் காலில் மணல் மூட்டை தொங்க வேண்டும். வாங்கும்போது விளக்கின் முன்பக்க வளையம் போவன்ஸ் வகையா என்றும் பாருங்கள். அந்த பிரிட்டிஷ் நிறுவனம் 2017இல் மூடப்பட்டாலும், அதன் பூட்டு அமைப்பு பல நிறுவனங்களின் பொது மொழியாக நிலைத்துவிட்டது. வெளிச்சத்தை மென்மையாக்க இன்று வாங்கும் சாஃப்ட்பாக்ஸ் நாளை வாங்கும் விளக்குக்கும் பொருந்தும்.

ஆக, பணத்தைப் பிரிக்கும் வரிசை இப்படி அமையும்: நன்கு கீழிறங்கும் ஒரு சிறிய விளக்கு, ஒரு மீட்டருக்குக் குறையாத வெள்ளைக் குடை, ஆடாத ஸ்டாண்டு, ட்ரிக்கர், ஒரு தெர்மாகோல் அட்டை. இரண்டு விளக்கு, மூன்று விளக்கு என்று கட்டிக் கொடுக்கும் தொகுப்புகள் ஆசை காட்டும். ஒரு விளக்கின் நிழல் எங்கே விழும் என்று தெரியாதவர் கையில் இரண்டு விளக்குகள் இருந்தால், மூக்குக்கு இரண்டு பக்கமும் நிழல் விழும். இரண்டாவது விளக்குக்கு ஆசை வரும்போது, முதலில் குடையை ஓரடி முன்னே நகர்த்தி, தெர்மாகோலைச் சற்றே திருப்பி, ஒரு படம் எடுத்துப் பாருங்கள். அதன்பிறகும் முகத்தில் ஒரு குறை தெரிந்தால், எந்த இடத்துக்கு விளக்கு வேண்டும் என்று அந்தக் குறையே காட்டிக்கொடுக்கும்.