பழைய படமும் பாட்டுப் புத்தகமும்

சங்கன், பதுமன் என்ற இரண்டு நாக அரசர்கள், சிவபெருமான் பெரியவரா திருமால் பெரியவரா என்று வழக்காடி, முடிவு காணாமல் கோமதியம்மையிடம் முறையிட, அம்மை தவமிருந்து, இருவரும் ஒருவரே என்று காட்டும் சங்கரநாராயணத் திருக்கோலத்தை உலகம் காணச் செய்தாள் என்பது சங்கரன்கோவில் தலபுராணம். அந்தத் தலத்தில் பிறந்தவர்கள், எம்.ஜி.ஆர். பெரியவரா சிவாஜி பெரியவரா என்ற வழக்கைத் தேநீர்க் கடையிலும் தறிக்கூடத்திலும் ஒரு தலைமுறைக் காலம் நடத்தினார்கள் என்றால் அதில் ஆச்சரியத்துக்கு இடமில்லை. இன்று அந்த வழக்கு கைப்பேசிக்குக் குடிபெயர்ந்து, ஒரு விளையாட்டாகவும் மாறியிருக்கிறது. இருவரும் சேர்ந்து நடித்த ஒரே படம் எது என்று கேட்டால், டி.ஆர். ராமண்ணா 1954இல் தந்த 'கூண்டுக்கிளி' என்று இரு கட்சிக்காரரும் ஒருமித்துச் சொல்லிவிடுவார்கள். சமரசம் அந்த ஒரு விடையோடு முடிந்து, அடுத்த கேள்வியில் பழைய பகை தழைக்கும்.

ஆட்டத்தின் முறை எளிது. பழைய படங்களில் பிரியமுள்ளவர்கள் வாட்ஸ்அப்பில் ஒரு குழுவாகச் சேர்கிறார்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருவர் கேள்வி கேட்க, மற்றவர்கள் விடை எழுதுகிறார்கள். நடிகையின் கண்களை மட்டும் வெட்டியெடுத்து அனுப்பி ஆளைக் கேட்பது ஒரு வகை. பாட்டின் இடையிசையில் சில விநாடிகளை மட்டும் ஒலிக்கவிட்டுப் பாட்டைக் கேட்பது இன்னொரு வகை. படப் பெயரின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு அடுக்கச் சொல்வது மூன்றாவது வகை. கூகுளைப் பார்க்கக் கூடாது என்பது எல்லாக் குழுக்களுக்கும் பொதுவான தர்மம். அதை எல்லோரும் அனுசரிக்கிறார்கள் என்று யாரும் நம்புவதில்லை.

ஆனால் இந்த விளையாட்டின் ருசி விடையில் இல்லை, விடைக்குப் பின் வரும் ஸம்பாஷணையில் இருக்கிறது. "பாட்டுப் புத்தகத்தில் போடுவதற்குப் பாட்டே இல்லாத படம் எது, அண்ணாச்சி?" என்று ஒருவர் கேட்டால், ஏவி.எம். 1954இல் வெளியிட்ட 'அந்த நாள்' என்ற விடை வந்துவிடும். உடனே ஒருவர், 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு வீசிய மறுநாள் காலையில் அல்லவா அந்தக் கதை தொடங்குகிறது என்பார். ஒரே கொலையைப் பலர் பலவிதமாகச் சொல்லும் உத்தி குரோசாவாவின் 'ரஷோமான்' படத்தைக் கண்டு பிறந்தது என்பார் மற்றொருவர். டைரக்ட் செய்த எஸ். பாலசந்தர்தான் வீணை வித்வான் பாலசந்தர் என்பதை அன்றுதான் அறிந்த இளைஞர் ஒருவர், "நிஜமாவா அண்ணாச்சி?" என்று வியப்பார். சரித்திரம், பிறநாட்டுக் கலை, கர்நாடக சங்கீதம் ஆகிய மூன்றையும் ஒரு கேள்வி தொட்டுவிட்டது.

ஞாபகசக்தியைச் சபையில் பரீட்சித்து மகிழ்வது தமிழருக்குப் புதிதன்று. நாஞ்சில் நாட்டுச் செய்குத்தம்பிப் பாவலர், 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் ஒரே நேரத்தில் நூறு விஷயங்களில் கவனம் செலுத்தும் சதாவதானம் நிகழ்த்திப் பெரும் புகழ் பெற்றார். பின்னர் வானொலிக் காலத்தில், மயில்வாகனனும் கே.எஸ். ராஜாவும் பேசிய இலங்கை வானொலி நம் தென் மாவட்டங்களின் வீட்டுத் திண்ணைகளை ஆண்டது, பி.எச். அப்துல் ஹமீத் நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' வானொலியிலிருந்து தொலைக்காட்சிக்கும் வந்து, கொடுத்த எழுத்தில் பாட்டெடுக்கும் பழக்கத்தை வீடுதோறும் பரப்பியது. இன்றைய கைப்பேசி ஆட்டம் அந்த வம்சத்தின் கடைசிப் பிள்ளை.

இருந்தாலும் ஞாபகம் ஏமாற்றக்கூடிய சாக்ஷி. நல்ல பாட்டு எதுவானாலும் கண்ணதாசன் கணக்கில் எழுதிவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. 1959இல் இருபத்தொன்பது வயதிலேயே மறைந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்துக்கும், மருதகாசிக்கும், தஞ்சை ராமையாதாஸுக்கும் இதனால் நேரும் அநியாயம் கொஞ்சமன்று. இந்தத் தகராறுகளைத் தீர்ப்பதற்கு ரசிகர்கள் கண்ட பிரமாணம், கொட்டகை வாசலில் அணாக் கணக்கில் விற்ற பாட்டுப் புத்தகம். மெல்லிய காகிதத்தில் நடிகர் பட்டியலும், மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று பாதியில் நிற்கும் கதைச் சுருக்கமும், பாட்டுகளும் கொண்ட அந்தச் சிறு பிரசுரத்தின் ஒரு பக்கத்தைப் படமெடுத்து யாராவது குழுவில் இட்டுவிட்டால் பெரும்பாலும் வாதம் அடங்கிவிடும். பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: கவிஞர் பலர் எழுதிய படத்தில் அவர்கள் பெயர்களை மொத்தமாக ஒரே வரியில் போட்டு, எது யாருடையது என்று சொல்லாமல் விட்ட புத்தகங்கள் இருக்கின்றன, பின்னணிப் பாடகர் பெயரை அச்சிடாத காலமும் இருந்தது. அங்கே இசைத்தட்டின் நடுவில் ஒட்டிய வட்டச் சீட்டுத்தான் மேல்கோர்ட்டு.

இவையெல்லாம் வேலையற்றவர் விநோதம் என்று ஒதுக்குகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். நடராஜ முதலியார் எடுத்த தென்னாட்டின் முதல் கதைப்படம் 'கீசகவதம்' இன்று இல்லை. 1931 அக்டோபர் 31இல் வெளியான முதல் தமிழ்ப் பேசும்படமாகிய, டி.பி. ராஜலக்ஷ்மி நடித்த 'காளிதாஸ்' படத்தின் பிரதியும் இல்லை. எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் சுருள்கள் எரிந்தும் மக்கியும் போயின. வெள்ளிக்காகக் கரைக்கப்பட்ட சுருள்களும் உண்டு. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964இல் ஏற்பட்டபோது, காப்பதற்கு மிஞ்சியிருந்தது சொற்பமே. படம் போன பிறகு அதற்குச் சாட்சி, பத்திரிகைக் குறிப்பும் விளம்பரத் தாளும் பாட்டுப் புத்தகமும், பார்த்தவர் நினைவுமே. 2016இல் மறைந்த பிலிம் நியூஸ் ஆனந்தன், ஆயுள் முழுவதும் இத்தகைய விவரங்களைத் திரட்டி, 'சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு' என்ற பெருநூலாக்கினார். தனி ஒருவர் செய்த அந்தக் காரியத்தைப் பலர் கூடிச் செய்வதற்கு இன்றைய குழுக்களுக்கு வசதி இருக்கிறது. வேண்டியது கொஞ்சம் ஒழுங்கு மட்டுமே.

ஆகையால், இந்த ஆட்டத்தில் ஈடுபட்டிருக்கும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். பரணில் பாட்டுப் புத்தகம் இருந்தால் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பிடித்த பாட்டின் பக்கத்தை மட்டும் படமெடுக்காமல், அட்டை முதல் அட்டை வரை, அச்சகத்தின் பெயர் தெரியும்படி எடுத்து வையுங்கள். வீட்டில் மூத்தவர் ஒரு படத்தைப் பற்றிச் சொன்னால், எந்த ஊரில் எந்தக் கொட்டகையில் எப்போது பார்த்தார் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மதிப்பெண் யாருக்கு வேண்டுமானாலும் போகட்டும். விடைக்கு ஆதாரம் இன்னது என்று ஒரு வரி சேர்த்து எழுதும் பழக்கம் ஏற்பட்டால், பின்னால் சரித்திரம் எழுத வருகிறவர் உங்கள் குழுவைத் தேடி வருவார்.