எல்லை தாண்டும் அரிசிக் கணக்கு

எல்லைப்புறத்தில் வாழும் நம்மவரில் பலருக்கு ஊர் இரண்டு, வயிறு ஒன்று. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் மலையேறி உடும்பன்சோலை ஏலக்காடுகளில் தங்கி உழைப்போரும், மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தோரும், வாளையாற்றைக் கடந்து கஞ்சிக்கோட்டிலும் கொழிஞ்சாம்பாறையிலும் பிழைப்போரும் இதை நன்கறிவர். ரேஷன் அட்டை ஓரூரில் இருக்கும். அடுப்போ வேறோரூரில் எரியும். பதிவான கடையிலன்றி வேறெங்கும் அரிசி கிடையாது என்பதே நெடுங்கால வழக்கம். ஆகவே பெட்டியில் அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, வெளிச்சந்தை விலைக்கு அரிசி வாங்கி உண்டவர் நம்மிடையே ஏராளம். அந்நிலை எவ்வாறு மாறியது என்பதை அறிவது நம் குடும்பங்களின் அன்றாட வாழ்வுக்கும் பயன் தருவதாகும்.

தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013-ல் இயற்றப்பட்டது. தமிழ்நாடும் கேரளமும் இதனை 2016 நவம்பர் 1 அன்று, நாட்டிலேயே கடைசியாக, நடைமுறைக்குக் கொண்டுவந்தன. 1956-ல் அதே நவம்பர் 1 அன்றுதான் மாநில எல்லைகள் திருத்தப்பட்டுத் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நிலைபெற்றன. சரியாக அறுபது ஆண்டுகள் கழித்து ஒரே சட்டம் எல்லையின் இரு புறத்தையும் தழுவியது. முன்னுரிமைக் குடும்பத்தில் தலைக்கு மாதம் 5 கிலோ, அந்தியோதயா குடும்பத்துக்கு 35 கிலோ என்பது சட்டம் தரும் உரிமை. 2023 ஜனவரி முதல் இத்தானியம் விலையின்றியே வழங்கப்படுகிறது.

சட்டம் ஒன்றாயினும் கணக்குகள் ஒன்றல்ல. ஒவ்வொரு மாநிலமும் தன் தேவைக்கேற்ப, தன் மொழியில், தன் திட்டங்களையும் சேர்த்துக் கணிப்பொறியில் அட்டைக் கணக்கை அமைத்திருந்தது. சென்னையின் கணக்கு திருவனந்தபுரத்துக்குப் புரியாது. இதைச் சீர்படுத்த இரு வழிகள் இருந்தன. பழைய கணக்குகளையெல்லாம் கலைத்துவிட்டு நாடு முழுமைக்கும் ஒரே பெருங்கணக்கை எழுதுவது முதல் வழி. அவ்வாறு செய்தால் செலவும் காலமும் பெருகும். ஓரிடத்துப் பிழை நாடெங்கும் பரவும். புதியது முடியும்வரை கடைகளைப் பூட்டி வைக்கவும் இயலாது. பழைய கணக்கு அவரவரிடமே இருக்க, ஒன்று கேட்கும் கேள்விக்கு மற்றொன்று விடை சொல்லும்படி பழக்குவது இரண்டாம் வழி. கணிப்பொறி வல்லுநர் இதனைச் ‘சேவை சார்ந்த கட்டமைப்பு’ என்பர். கார்ட்னர் என்னும் ஆய்வு நிறுவனத்தார் 1996-ல் இக்கருத்தை அப்பெயரிட்டு விளக்கினர். எஸ்டோனியா என்னும் சின்னஞ்சிறு நாடு தன் அரசுப் பதிவேடுகளை 2001 முதல் இம்முறையிலேயே இணைத்து வருகிறது.

தோட்டத்து மக்களுக்கு இது புதுமையன்று. பிரட்டுக் களத்தில் பேர் எடுப்பவர் கணக்கப்பிள்ளை. கொழுந்தை நிறுப்பவர் வேறொருவர். மருந்து கொடுப்பவர் மற்றொருவர். ஒவ்வொருவருக்கும் ஒரு புத்தகம் உண்டு. ஒருவர் புத்தகத்தில் மற்றவர் கை வைப்பதில்லை. வேண்டிய செய்தியைத் துண்டுச்சீட்டு எழுதிக் கேட்டுப் பெறுவர். சீட்டு எவ்வாறு எழுதப்படவேண்டும் என்பதில் மட்டும் அனைவரும் ஒத்திருந்தால் போதும். நிறுவைக்காரர் தம் தராசை மாற்றினாலும் கணக்கப்பிள்ளையின் வேலை தடைப்படாது.

தேனி மாவட்டத்து அட்டையுடைய ஒருவர் மூணாற்றுக் கடைக்குச் செல்வதாகக் கொள்வோம். அட்டை எண்ணையோ ஆதார் எண்ணையோ சொல்லிக் கைரேகை இயந்திரத்தில் விரலை வைக்கிறார். ‘இந்த ரேகை இவருடையதுதானா?’ என்ற கேள்வி ஆதார் நிறுவனத்துக்குச் செல்கிறது. ஆம், இல்லை என்ற ஒரு சொல்லே விடையாக வருகிறது. ‘இவ்வட்டைக்கு இம்மாதம் எவ்வளவு உரிமை? எவ்வளவு எடுத்தாயிற்று?’ என்ற கேள்வி மத்திய அரசின் பொது வாயில் வழியாகத் தீர்வு காண்கிறது. அரிசி அளக்கப்பட்டதும் அவ்வளவும் அட்டையின் கணக்கில் கழிக்கப்படுகிறது. ஊரிலிருக்கும் பெற்றோர் தம் பங்கை அங்கே வாங்க, மலையிலிருக்கும் மகன் மீதியை இங்கே வாங்கவும் இடமுண்டு.

இம்முறை ‘ஒரே நாடு, ஒரே ரேஷன் அட்டை’ என்ற பெயரில் 2019 ஆகஸ்டில் ஆந்திரம்–தெலங்கானா, குஜராத்–மகாராஷ்டிரம் என்ற இரு ஜோடி மாநிலங்களில் தொடங்கிற்று. கேரளம் 2020 ஜனவரியிலும், தமிழ்நாடு அதே ஆண்டு அக்டோபரிலும் சேர்ந்தன. இடையே வந்த பெருந்தொற்றுக் காலத்தில் புலம்பெயர்ந்த தொழிலாளர் பட்ட பாட்டை நாடறியும். எல்லா மாநிலங்களும் 2021 ஜூலை 31-க்குள் இதை நிறைவேற்றவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. கடைசியாக 2022 ஜூனில் அஸ்ஸாம் சேர்ந்தது.

இதன் எல்லையையும் தெளிவாக அறிந்துகொள்ளல் வேண்டும். பொதுச் சீட்டில் எழுத மாநிலங்கள் ஒப்புக்கொண்டவை மட்டுமே பயணம் செய்யும். தமிழக அட்டைகளில் முன்னுரிமைக் குடும்பம், அந்தியோதயா ஆகிய இரு வகைகளே வெளிமாநிலத்தில் செல்லும். முன்னுரிமையற்ற குடும்பங்களுக்குத் தமிழ்நாடு வழங்கும் அரிசியும், சர்க்கரை, துவரம் பருப்பு, பாமாயில் ஆகியவையும் தமிழகக் கடைகளோடு நின்றுவிடும். அவ்வாறே கேரளத்தின் மஞ்சள், இளஞ்சிவப்பு அட்டைகள் எல்லை தாண்டும். நீலமும் வெள்ளையும் தாண்டா. இதை அறியாமல் பலர் கடைக்காரரோடு வீணே வாதிட்டுத் திரும்புகின்றனர். உரிமையிருந்தும் கேட்கத் தெரியாமல் இருந்துவிடுவோரும் உண்டு.

சங்கிலியின் பலம் அதன் ஒவ்வொரு கண்ணியிலும் இருக்கிறது. 2023 ஏப்ரலில் கேரளத்தில் மையக் கணிப்பொறி சோர்ந்தபோது மாநிலமெங்கும் ரேஷன் விநியோகம் தடைப்பட்டது. கடையில் அரிசி இருந்தது. வாங்க மக்கள் நின்றனர். கேள்விக்கு விடை மட்டும் வரவில்லை. மலைப்பகுதியில் அலைபேசித் தொடர்பு அற்றுப்போவதும், கொழுந்து பறித்தும் ஏலம் எடுத்தும் தேய்ந்த விரல்களை இயந்திரம் ஏற்க மறுப்பதும் நாம் அறிந்தவையே. ஆதார் சரிபார்ப்புத் தவறிய காரணத்தால் எவருக்கும் தானியத்தை மறுக்கலாகாது என்று மத்திய அரசு 2017-ல் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. ஆயின் சொந்தக் கடைக்காரர் முகம் பார்த்து அறிவார். வேற்றூர்க் கடைக்காரர் எதைக் கொண்டு அறிவார்? அங்கே விரல் ரேகையே சாட்சியாகிறது. ஆகவே வெளியூரில் வாழும் ஏழைக்கே இயந்திரத்தின் பிழை அதிகமாகச் சுடுகிறது. கணக்குகளை இணைப்பதில் காட்டிய அக்கறையை, இணைப்பு அறும் வேளையில் உதவும் மாற்று வழியை வகுப்பதிலும் அரசுகள் காட்டவேண்டும். இதனை நம் சங்கங்கள் உரியவரிடம் வற்புறுத்துவது கடமையாகும்.

அதுவரை நம் குடும்பங்கள் செய்யவேண்டியவை சில உண்டு. அட்டையில் அச்சிட்டுள்ள வகைக் குறியீட்டை இன்றே எடுத்துப் பாருங்கள். குடும்பத்தார் அனைவர் பெயரும் ஆதாருடன் சரியாக இணைந்துள்ளதா என்று விசாரியுங்கள். முதியவர் ஒருவரின் ரேகையை மட்டும் நம்பியிராமல், அட்டையிலுள்ள இளையவர் ஒருவரையும் கடைக்கு அனுப்புங்கள். உரிமையிருந்தும் மறுக்கப்பட்டால் 14445 என்ற எண்ணில் முறையிடலாம். எழுதப் படிக்க அறியாத அண்டை வீட்டாருக்குப் படித்த பிள்ளைகள் இவற்றை எடுத்துச் சொல்வார்களாக.